கனத்த உடம்புக்கு ஆடாத மீன்பிடி கயாக்: எடைக்கணக்கில் தொடங்கி தண்ணீரில் சோதிப்பது வரை

கயாக் என்பது ஒரு ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் குறுகலான சிறு படகு. அதன் விளம்பரத்தில் "227 கிலோ தாங்கும்" என்று போட்டிருக்கிறது. வாங்கப் போகிறவர் எடை 115 கிலோ. பாதிதானே, தாராளமாகத் தாங்கும் என்று முன்பணம் கட்டிவிடுகிறார். தண்ணீரில் இறக்கியதும் கயாக் மூழ்குவதில்லை, அது உண்மைதான். ஆனால் தூண்டில் வீச இடுப்பைத் திருப்பினால் ஒரு பக்கம் சரிகிறது. காலுக்கடியில் இருக்கும் வடிதுளை வழியாகத் தண்ணீர் மேலே ஏறி உட்காரும் இடம் நனைகிறது. பின்னால் ஐஸ்பெட்டியும் வைத்தால் வால் அமிழ்ந்து மூக்கு தூக்குகிறது. மூன்று முறை போனபிறகு அந்தக் கயாக் தோட்டத்துச் சாளையில் சுவரோரமாகச் சாத்தி வைக்கப்படுகிறது.

தாங்குதிறன் என்பது மிதப்பதைச் சொல்லும் எண். ஆடாமல் நிற்குமா என்பதை அது சொல்லாது. 100 கிலோவைத் தாண்டிய ஆள் முதலில் பார்க்க வேண்டியது அகலம், அடுத்தது இருக்கையின் உயரம், அதற்கப்புறம்தான் தாங்குதிறன். கடைகளில் இதைத் தலைகீழாகச் சொல்லித்தான் விற்கிறார்கள். கீழே உள்ளது பவானி, காவிரி, ஆழியாறு பக்கத்து அணை நீரிலும் ஊர்க்குளங்களிலும் மீன் பிடிக்க நினைக்கும் பெரிய உடம்புக்காரர்களுக்காக எழுதியது. கடலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எடையை ஊகிக்காதீர்கள், போட்டுப் பாருங்கள்

வீட்டில் இருக்கும் கண்ணாடி எடைமெஷினில் வெறுங்காலோடு ஏறி நிற்பது இதற்குப் போதாது. தேங்காய்க் களத்திலோ மஞ்சள் மண்டியிலோ மூட்டை போடும் எலக்ட்ரானிக் எடைமேடை இருக்கும். தண்ணீருக்குப் போகிற உடையிலேயே, செருப்பும் லைஃப் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு, கையில் தூண்டில் பெட்டியோடு அதில் ஏறுங்கள். அந்த எண்தான் கயாக்குக்குத் தெரியும் எண்.

ஒரு மாதிரிக் கணக்கு: ஆள் 115 கிலோ. உடை, செருப்பு, லைஃப் ஜாக்கெட் 4. இரண்டு தூண்டில், ரீல், பெட்டி 7. ஐஸ் போட்ட பெட்டி 9. தண்ணீரும் சோறும் 5. நங்கூரமும் கயிறும் 3. மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரும் அதன் பேட்டரியும் 3. திரும்பும்போது மீன் 8. மொத்தம் 154 கிலோ.

கம்பெனி போடும் தாங்குதிறன், கயாக் விளிம்புவரை அமிழும் நிலைக்கு அருகிலான உச்ச எண். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குள் நம் சுமை இருந்தால்தான் கயாக் ஒழுங்காகத் திரும்பும், உட்காரும் இடம் உலர்ந்திருக்கும். ஆகவே 154-ஐ 0.65-ஆல் வகுங்கள், 237 வருகிறது. 0.70-ஆல் வகுத்தால் 220. இந்த ஆளுக்குத் தேவை 220 முதல் 240 கிலோ தாங்கும் கயாக். பெரும்பாலான மீன்பிடி கயாக்குகள் பவுண்டு கணக்கில் வருவதால் இதையும் மனதில் வையுங்கள்: 300 பவுண்டு 136 கிலோ, 400 பவுண்டு 181, 500 பவுண்டு 227, 600 பவுண்டு 272. இணையக் கடைகளில் பவுண்டு எண்ணுக்குப் பக்கத்திலேயே கிலோ என்று தப்பாக அச்சாகியிருப்பது உண்டு. 4 மீட்டருக்குள் இருக்கும் ஒற்றை ஆள் கயாக்குக்கு 400 கிலோ என்று பார்த்தால் அது பவுண்டுதான்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில கம்பெனிகள் கழற்றி மாட்டும் இருக்கை, காலால் மிதித்து ஓட்டும் பெடல் இவற்றின் எடையையும் தாங்குதிறனுக்குள்ளேயே சேர்த்துக் கணக்கிடுகின்றன. அப்படியானால் 10 முதல் 15 கிலோ நம் பங்கிலிருந்து கழிந்துவிடும்.

அகலம்தான் வரவு, உயரம்தான் செலவு

பவானிக் கூடுதுறையிலோ மேட்டூர்ப் பக்கமோ பரிசலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பரிசலில் ஆறேழு பேர் உட்கார்ந்தாலும் சாய்வதில்லை, காரணம் அதன் அகலம். ஆனால் உள்ளே ஒருவர் எழுந்து நின்றால் பரிசல்காரர் உடனே உட்காரச் சொல்லிக் கத்துவார். படகின் அகலம் மாறவில்லை, ஏறியிருக்கும் எடையும் மாறவில்லை. எடை இருக்கும் உயரம் மட்டும்தான் மாறியது.

கயாக்கும் அப்படித்தான். சாயாமல் எதிர்த்து நிற்கும் வலு அகலம் × அகலம் × அகலம் என்ற பெருக்கத்தோடு கூடுகிறது. ஒரே நீளமும் ஒரே வடிவமும் உள்ள இரண்டு கயாக்குகளில் ஒன்று 30 இஞ்ச், மற்றது 34 இஞ்ச் என்று வையுங்கள். அகலத்தில் வித்தியாசம் 4 இஞ்ச்தான், அதாவது 13 சதவீதம். ஆனால் அகலம் தரும் எதிர்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் கூடிவிடுகிறது. 36 இஞ்ச் என்றால் 70 சதவீதத்துக்கு மேல். இது வரவு.

செலவு என்பது உங்கள் எடையை அது தண்ணீருக்கு மேல் இருக்கும் உயரத்தால் பெருக்கி வருவது. இருக்கையை 15 செ.மீ. உயர்த்தினால் 70 கிலோ ஆளுக்கு இந்தச் செலவு (கிலோவை மீட்டரால் பெருக்கினால்) 10.5 கூடுகிறது. 115 கிலோ ஆளுக்கு 17-க்கு மேல். அதே கயாக், அதே இருக்கை, அதே 15 செ.மீ.தான். ஒல்லியான நண்பர் நின்றுகொண்டே தூண்டில் வீசும் கயாக்கில் நீங்கள் உட்கார்ந்தாலே ஆடுவதற்குக் காரணம் இதுதான். உங்களுக்குப் பழக்கம் போதாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எங்கள் கணக்கில், 100 முதல் 115 கிலோ ஆள் உட்கார்ந்து மட்டும் பிடிக்க 33 முதல் 34 இஞ்ச், அதாவது 84 முதல் 86 செ.மீ. குறைந்தபட்சம். 115-க்கு மேல் போனாலோ, உயர்ந்த இருக்கை வேண்டுமென்றாலோ 36 இஞ்ச். நின்று வீச வேண்டுமென்றால் 36-இல் தொடங்கி மேலே பாருங்கள். வெளிநாட்டுக் கயாக்குகளில் ஹோபி புரோ ஆங்லர் 14 என்பது 38 இஞ்ச் அகலம், 600 பவுண்டு. நூகேனூ ஃப்ரான்டியர் 12 என்பது 41 இஞ்ச், 650 பவுண்டு. இவற்றை வாங்கச் சொல்லவில்லை. பெரிய ஆளுக்கென்றே செய்யும்போது அகலம் எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள இந்த எண்கள் உதவும்.

அகலத்தை நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள். பட்டியலில் போடுவது மேல்விளிம்பின் அகலம். நமக்கு உதவுவது தண்ணீர் தொடும் மட்டத்தின் அகலம். விளிம்பு வெளியே விரிந்து அடி குறுகலாக இருக்கும் கயாக்கில் இரண்டுக்கும் 5, 6 செ.மீ. வித்தியாசம் வரும். தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இரு பக்கமும் நேர்க்கட்டை நிறுத்தி இடைவெளியை அளந்தால் உண்மையான அகலம் கிடைத்துவிடும்.

உடம்புவாகும் கணக்கில் சேரும். ஒரே 115 கிலோவில் குட்டையாக, இடுப்பும் தொடையும் கனத்தவருக்கு எடை கீழே இருக்கிறது. ஆறடி உயரமும் அகன்ற தோளும் உள்ளவருக்கு மேலே இருக்கிறது. பின்னவர் 2 இஞ்ச் கூடுதலாகப் பார்ப்பது நல்லது.

அடிப்பாகம்

கயாக்கைக் கவிழ்த்துப் போட்டு அடியைப் பாருங்கள். தட்டை அடி, ஏறி உட்கார்ந்தவுடன் அசையாமல் இருக்கும். ஆனால் பக்கவாட்டில் அலை வந்தால் அலையோடு சேர்ந்து முழுதாகச் சாயும். இரு ஓரமும் தடித்து நடுவில் வாய்க்கால் போலக் குழிந்த அடி, அதாவது இரண்டு குழாயைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டியது போல இருப்பது, மிதப்பை ஓரங்களுக்குத் தள்ளிவிடுவதால் கனத்த ஆளுக்கு நன்றாகப் பொருந்தும். குளத்துக்கும் அணைக்கும் எங்கள் முதல் தேர்வு இதுதான். நடுவில் கூர்ந்த வி வடிவ அடி நேராகப் போகும், வேகமாகப் போகும், ஆனால் உட்கார்ந்ததும் தளும்பும். உருண்டை அடி மீன்பிடிக்கு வேண்டாம்.

இரண்டு விதமான நிலைப்பை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ஏறியவுடன் அசையாமல் இருப்பது ஒன்று. ஓரளவு சாய்ந்தபின் மேலும் சாயவிடாமல் தாங்கிப் பிடிப்பது இன்னொன்று. 8 கிலோ கட்லா ஒன்று கயாக்கின் பக்கத்தில் வந்து வாலை அடிக்கும்போது, வலையை நீட்டிக் குனிகிற அந்த நொடியில் காப்பாற்றுவது இரண்டாவதுதான். பக்கச்சுவர் உயர்ந்து, சற்று வெளிப்பக்கம் விரிந்து இருந்தால் அது கிடைக்கும்.

இருக்கை: இதில்தான் பணமும் முதுகும் போகிறது

கனத்த ஆளுக்கு முழங்கால் பிரச்சினையும் கூடவே இருக்கும். தரையோடு ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்தால் மையஎடை கீழே இருக்கும், கயாக் ஆடாது. ஆனால் நாலு மணி நேரம் கழித்துக் கரைக்கு வந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். உயர்ந்த இருக்கை காலுக்குச் சுகம், ஆனால் மேலே சொன்ன உயரச் செலவு கூடுகிறது. இந்த இழுபறிக்கு ஒரே நல்ல தீர்வு, உயரத்தை இரண்டு நிலையில் மாற்றக்கூடிய அலுமினியச் சட்ட இருக்கை. முதல் சில முறை தாழ்ந்த நிலையில் போங்கள். உடம்பு பழகியபின், காற்றில்லாத காலையில் மட்டும் உயர்த்துங்கள்.

இருக்கையில் பார்க்க வேண்டியவை. கைப்பிடிச் சட்டத்துக்கு நடுவே உட்காரும் அகலம் 50 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 55 இருந்தால் நல்லது. சுவரை ஒட்டி உட்கார்ந்து இடுப்பின் இரு பக்கமும் அட்டையை நிறுத்தி அளந்தால் உங்கள் அகலம் தெரியும். அதோடு 4 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, துணி. கடையிலேயே முழு எடையும் போட்டு உட்கார்ந்து, துணிக்கும் தளத்துக்கும் நடுவே பக்கத்தில் நிற்பவரைக் கையை விடச் சொல்லுங்கள். நாலு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். புதிதாக இருக்கும்போதே துணி தளத்தைத் தொட்டால், இரண்டு மாதத்தில் தளத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பீர்கள். மூன்றாவது, முதுகுப் பட்டை எதில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். வெறும் பாப் ரிவெட்டில் இருந்தால் கனத்த ஆள் ஒவ்வொரு முறை பின்னால் சாயும்போதும் பிளாஸ்டிக் துளை நீளவாக்கில் இழுபடும், ஒருநாள் பிய்த்துக்கொண்டு வரும். அகலமான வாஷர் போட்ட, துருப்பிடிக்காத எஸ்.எஸ். போல்ட்டும் நட்டும் வேண்டும். பழைய கயாக்கில் இந்த மாற்றத்தை எந்த லேத் பட்டறையிலும் செய்துகொள்ளலாம்.

கால் வைக்கும் படியை நகர்த்தி, முழங்கால் லேசாக மடிந்த நிலையில் கால் எட்டுகிறதா என்று பாருங்கள். கால் ஊன்ற இடமில்லாவிட்டால் துடுப்புப் போடும் வலு முழுவதும் இடுப்பில் இறங்கும். நின்று வீச விரும்புகிறவர்கள் முன்பக்கத்தில் கெட்டியான வளையத்தில் ஒரு நாடாப் பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். அதைப் பிடித்து எழுந்தால் பக்கவாட்டில் கை ஊன்ற வேண்டியிருக்காது. எழும்போது ஒரு பக்க விளிம்பைப் பிடித்து எழுவதுதான் பலரையும் கவிழ்க்கிறது.

மேலே உட்காரும் வகையா, உள்ளே நுழையும் வகையா, காற்றடிக்கும் வகையா

கனத்த ஆள் உள்ளே நுழைந்து உட்காரும் வகையை விட்டுவிடலாம். உட்குழி வாய் இடுப்பைப் பிடிக்கும், கவிழ்ந்தால் வெளியே வருவது கடினம், உள்ளே தண்ணீர் நிறைந்துவிடும். மேலே உட்காரும் வகைதான் சரி. ஒரே வார்ப்பில் செய்த பாலிஎத்திலீன் உடல், மூடிய உள்வெற்றிடம், தளத்தில் வடிதுளைகள்.

இந்த வடிதுளைகள் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஸ்கப்பர் என்று பட்டியலில் போட்டிருப்பார்கள். தளத்தில் விழும் தண்ணீர் இந்தத் துளை வழியாக வெளியே வடியும். தளம் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும்வரைதான் அது வடியும். 3.6 மீட்டர் நீளமும் 34 இஞ்ச் அகலமும் உள்ள கயாக் ஏறக்குறைய 20 முதல் 22 கிலோவுக்கு ஒரு செ.மீ. அமிழும். அரிசிச் சிப்பம் ஒன்று ஏற்றினால் ஒரு செ.மீ.க்குச் சற்று மேல். 75 கிலோ ஆளுக்கு வடிவமைத்த தளத்தில் 115 கிலோ ஆள் உட்கார்ந்தால் தளம் 2 செ.மீ. தாழ்ந்து, தண்ணீர் எதிர்த்திசையில் ஊறி மேலே வருகிறது. உடனே ரப்பர் அடைப்பான் வாங்கி எல்லாத் துளையையும் அடைக்கிறார்கள். அப்புறம் அலை தெறித்தோ மழை பெய்தோ தளத்தில் சேரும் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. அந்தத் தண்ணீர், கயாக் சாயும் பக்கமே ஓடிச் சேர்ந்து இன்னும் சாய்க்கும். இருக்கைக்குக் கீழுள்ள துளைகளை மட்டும் அடையுங்கள், மற்றவற்றைத் திறந்தே விடுங்கள். எல்லாவற்றையும் அடைத்தால்தான் உலர்ந்திருக்கும் என்ற நிலை வந்தால், அந்தக் கயாக் உங்களுக்குச் சிறியது.

காற்றடிக்கும் கயாக்கில் வெளி அகலத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2 வெளியே 91 செ.மீ. அகலம், 181 கிலோ தாங்கும். ஆனால் இரு பக்கக் குழாய்களும் அகலத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதால் உட்காரும் இடம் குறுகல். நிலைப்பு மோசமில்லை, கனத்த இடுப்பும் நீண்ட காலும்தான் படாதபாடு படும். உள்ளே நூலிழை கட்டிய தட்டைத் தளம் உள்ளவை, அதாவது 8 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் ஏற்கும் டிராப் ஸ்டிட்ச் வகை, பலகை போல விறைத்து நிற்கும், கனத்த ஆளுக்கும் நடுவில் வளையாது. சாதாரணக் காற்றுக் கயாக்கில் நடுவில் உட்கார்ந்தால் இரு முனையும் தூக்கி வாழைப்பழம் போல வளைந்துவிடும்.

நம் பக்கத்துக் குளங்களில் காற்றுக் கயாக்குக்கு ஒரு பெரிய எதிரி சீமைக்கருவேல முள். வறண்ட காலத்தில் குளத்துக்குள் முளைத்து, தண்ணீர் வந்தபின் மூழ்கி நிற்கும். மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. சூலூர், சிங்காநல்லூர் போன்ற குளங்களுக்குக் கெட்டிப் பிளாஸ்டிக் வகையே நல்லது. வெயிலையும் கவனியுங்கள். காலையில் 8 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு மத்தியானம் கரையில் வெயிலில் போட்டால், உள்காற்று 30 டிகிரியிலிருந்து 60-க்கு ஏறும்போது அழுத்தம் 10-ஐத் தாண்டும். ஒட்டுப்பகுதி பிளக்கும். கரையில் வைக்கும்போது கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்.

நீளம், தூக்கும் எடை, வண்டி

ஊர்க்குளத்துக்கும் அணை ஓரத்துக்கும் 11 முதல் 12.5 அடி சரியாக இருக்கும். 10 அடியில் 36 இஞ்ச் அகலம் என்றால் அது துடுப்புக்குப் பணியாது, பரிசல் மாதிரி சுற்றும். 13-க்கு மேல் போனால் ஆகாயத்தாமரைக்கு நடுவே திருப்புவது கஷ்டம்.

இந்த அளவில் கயாக்கின் எடை 35 முதல் 50 கிலோ வரும். பெடல் வகை முழுதாகப் பூட்டினால் 60-ஐத் தாண்டும். பெடல் இருந்தால் கை இரண்டும் தூண்டிலுக்குக் கிடைக்கும், தோளுக்கு ஓய்வு. ஆனால் ஆழம் குறைந்த குளத்தில் அடி தட்டும், ஆகாயத்தாமரை வேர் சுற்றிக்கொள்ளும். அணை நீருக்குப் பெடல், குளத்துக்குத் துடுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். துடுப்பின் நீளம் 250 முதல் 260 செ.மீ. இருக்க வேண்டும். 36 இஞ்ச் கயாக்கில் உயர்ந்த இருக்கையில் உட்கார்ந்து 220 செ.மீ. துடுப்புப் போட்டால் விரல் முட்டி விளிம்பில் இடிக்கும், துடுப்புக்கு எட்டுவதற்காகவே உடம்பைச் சாய்க்க வேண்டி வரும்.

கார் மேலே ஏற்றுவதாக இருந்தால் உங்கள் காரின் கையேட்டில் கூரை தாங்கும் எடையைப் பாருங்கள். கம்பிச் சட்டத்தின் எடையும் அதில் அடக்கம். பலருக்கும் குட்டியானையோ பிக்கப்போதான் வசதி. பட்டையை இறுக்கிக் கட்டி ஏப்ரல் வெயிலில் அப்படியே நிறுத்தாதீர்கள். பாலிஎத்திலீன் இளகி, பட்டை பட்ட இடம் உள்வாங்கி, அடிப்பாகம் குழிந்துவிடும். குழிந்த அடி வேகத்தையும் நிலைப்பையும் கெடுக்கும். தண்ணீர்வரை இழுக்கும் தள்ளுவண்டியில், வடிதுளைக்குள் கம்பி நுழையும் வகையைத் தவிருங்கள். கனத்த கயாக்கில் சாமான் ஏற்றி மேடு பள்ளத்தில் இழுத்தால் துளையின் சுவரில் விரிசல் விழும். அந்த விரிசல் வெளியிலிருந்து தெரியாது. உள்ளே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஏறும். பட்டை போட்டுத் தாங்கும் தொட்டில் வகையை எடுங்கள்.

பழைய கயாக் வாங்கினால் இந்த விரிசலைத்தான் முதலில் தேட வேண்டும். பின்முனை வடிகால் மூடியை இறுக்கி, மேல்மூடி வழியாக 20 லிட்டர் கேன் தண்ணீர் ஒன்றை உள்ளே ஊற்றி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்துச் சாய்த்து, வெளியே வடிதுளைச் சுவரையும் அடி விளிம்பையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் கசிந்தால் விட்டுவிடுங்கள்.

தண்ணீரில் சோதிப்பது

வாங்குமுன் ஒருமுறையாவது தண்ணீரில் இறக்கிப் பார்க்க விற்பவரைக் கேளுங்கள். இடுப்பளவு ஆழம், கெட்டியான மண் தரை, அலையில்லாத காலைநேரம், பக்கத்தில் நீந்தத் தெரிந்த ஆள் ஒருவர். பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக்குட்டையில் இறங்காதீர்கள். அந்தச் சரிவு ஈரத்தில் வழுக்கும், கனத்த ஆள் ஏறி வர முடியாது. கிணறும் கூடாது.

முதலில் ஆளில்லாமல் சுமை. 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று ஏறக்குறைய 20 கிலோ. உங்கள் மொத்தக் கணக்கு 154 என்றால் எட்டு கேன் கொஞ்சம் கூடுதல், பரவாயில்லை. அதில் ஆறு கேனை இருக்கையிலும் கால் வைக்கும் இடத்திலும், மீதியைப் பின் சாமான் குழியிலும் முன்பக்கத்திலும் வையுங்கள். இப்போது மூன்று இடத்தைப் பாருங்கள். இருக்கைக்குப் பக்கத்தில் விளிம்பு தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது: 15 செ.மீ.க்குக் குறைந்தால் வேண்டாம். வடிதுளையில் தண்ணீர் தளத்துக்கு மேல் ஊறுகிறதா: ஒரு விரல் ஆழம் நின்றால் வேண்டாம். முன்முனையும் பின்முனையும் ஒரே மட்டமா: பின்பக்கம் 3, 4 செ.மீ.க்கு மேல் அமிழ்ந்திருந்தால் ஐஸ்பெட்டியை முன்னே நகர்த்தி மறுபடி பாருங்கள். நகர்த்தியும் சரியாகாவிட்டால் இருக்கை வைத்திருக்கும் இடமே உங்கள் எடைக்குப் பின்னால் இருக்கிறது என்று பொருள். தண்ணீர் மட்டத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வைத்தால் ஒப்பிட எளிது.

கேன்களை இறக்கிவிட்டு நீங்கள் ஏறுங்கள். முழங்கால் ஆழத்தில் கயாக்கை நிறுத்தி, இருக்கைக்கு நேராக முதுகைக் காட்டி, முதலில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு காலை உள்ளே எடுங்கள். ஒரு காலை உள்ளே வைத்து எழும்பி ஏறினால் கயாக் அந்தப் பக்கமாக நழுவும்.

உட்கார்ந்ததும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு இடுப்பை மெதுவாக இடமும் வலமும் அசையுங்கள். ஒரு கட்டத்தில் கயாக் எதிர்த்துத் தள்ளுவது தெரியும். அந்தத் தள்ளல் தெரியாமல் தொடர்ந்து சாய்ந்துகொண்டே போனால் அது உங்களுக்கான கயாக் இல்லை. அடுத்து, பின்னால் திரும்பி சாமான் குழியிலிருந்து ஒரு பொருளை எடுங்கள். நிஜத்தில் கவிழ்வது பெரும்பாலும் இப்படித் திரும்பும்போதுதான். மூன்றாவது, கையை நீட்டி விளிம்புக்கு வெளியே தண்ணீரில் இருக்கும் ஒரு கேனைத் தூக்க முயலுங்கள், மீன் என்று நினைத்துக்கொண்டு. கை வெளியே போகலாம்; தலை விளிம்பைத் தாண்டக் கூடாது. மூக்கு தொப்புளுக்கு நேராக இருக்கும்வரை கயாக் உங்களை வைத்திருக்கும்.

கவிழ்ந்தால் திரும்ப ஏற முடிகிறதா

கடைக்காரர்கள் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. அகலமான கயாக் நேராக இருக்கும்போது எவ்வளவு நிலையாக இருக்கிறதோ, கவிழ்ந்து கிடக்கும்போதும் அவ்வளவு நிலையாகவே இருக்கும். 38 இஞ்ச் கயாக்கைத் தண்ணீரில் இருந்தபடி தனியாளாகத் திருப்பிப் போடுவது லேசான வேலையில்லை. ஒரு பக்க விளிம்பின் நடுவில் 2 மீட்டர் நாடாப் பட்டையைக் கட்டி வையுங்கள். கவிழ்ந்தால் பட்டையை அடிப்பாகத்தின் குறுக்கே எறிந்து, எதிர்ப்பக்கம் போய், முழங்காலை விளிம்பில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தால் திரும்பும்.

ஏறும்போது இருக்கைக்கு நேராக நின்று, எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து, காலைப் பின்னால் நீட்டி உதைத்து, வயிறு தளத்தின் குறுக்கே படும்படி இழுத்துக்கொள்ளுங்கள். வயிறு ஏறியதும் மல்லாந்து திரும்பி இருக்கையில் அமர்ந்து, கடைசியில் கால். கையின் வலு மட்டும் போதாதவர்களுக்கு, அதே நாடாவில் கால் நுழையும் அளவு வளையம் போட்டு, தண்ணீருக்குள் முக்கால் மீட்டர் ஆழத்தில் தொங்கவிட்டால் படியாகும். நெஞ்சளவு ஆழத்தில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு, மூன்று முறை தொடர்ந்து ஏற முடிந்த பிறகே ஆழத்துக்குப் போங்கள். முடியாவிட்டால் தனியாகப் போகவே கூடாது.

லைஃப் ஜாக்கெட்டில் கனத்த ஆள் எடையைப் பார்த்து வாங்க வேண்டாம், மார்புச் சுற்றளவைப் பார்த்து வாங்குங்கள். பருத்த உடம்பு தண்ணீரில் தானே ஓரளவு மிதக்கும். நல்ல நீச்சல் தெரிந்தவருக்கு 50 நியூட்டன் மிதப்புள்ளது போதும், தெரியாதவர்களுக்கு 100. போட்டு எல்லாப் பக்கிளையும் இறுக்கி, தோள்பட்டையை வேறொருவர் மேலே தூக்கட்டும். அது காதுவரை ஏறினால் தண்ணீரில் தலைக்கு மேல் கழன்றுவிடும். தொப்பை உள்ளவர்களுக்கு ஜாக்கெட் மேலேறுவது அதிகம். தொடைக்கு நடுவே போகும் பட்டை உள்ளதாகப் பாருங்கள்.

எங்கே, எப்போது இறக்குவது

அணைகளில் மீன்பிடி உரிமை குத்தகையிலோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமோ மீன்வளத் துறையிடமோ இருக்கும். குளமென்றால் ஊராட்சியோ மாநகராட்சியோ. கேட்டுவிட்டு இறக்குங்கள். வெள்ளோடு போன்ற பறவைச் சரணாலயக் குளங்கள் வேண்டாம். அமராவதி அணையில் முதலை உண்டு, மோயாற்றிலும் உண்டு. ஆகவே அமராவதியும், பவானிசாகரில் மோயாறு வந்து சேரும் காட்டுப்பக்கமும் கயாக்குக்கான இடமில்லை. கொடிவேரி போன்ற தடுப்பணைக்கு மேலேயும் கீழேயும், நெருஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை போன்ற கதவணைகளின் மதகுப் பக்கமும் போகக் கூடாது. தடுப்பணையில் விழும் தண்ணீர் அடியில் திரும்பிச் சுழன்று, விழுந்த படகை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கீழ்பவானி வாய்க்காலிலும் வேண்டாம். இழுப்பு அதிகம், பிடித்து ஏறக் கரை கிடைக்காது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் காற்றைக் கணக்கில் எடுக்காமல் ஆழியாறு, திருமூர்த்தி அணைப் பக்கம் போக முடியாது. ஆடிக்காத்தில் அம்மியும் பறக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அகலமான, பக்கச்சுவர் உயர்ந்த கயாக்கும் உயர்ந்த இருக்கையில் அமர்ந்த பெரிய உடம்பும் சேர்ந்தால் காற்றுக்கு நல்ல பாய்மரம். போகும்போது சுகமாகத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பி வரும்போதுதான் தோள் கழலும். எனவே அந்த மாதங்களில் விடியலில் இறங்கி 9 மணிக்குள் கரையேறுங்கள். முதலில் காற்றுக்கு எதிராகப் போய், அலுத்தபின் காற்றோடு திரும்புமாறு திட்டமிடுங்கள். இருக்கை தாழ்ந்த நிலையில் இருக்கட்டும். நங்கூரத்தைப் பக்கவாட்டில் கட்டாதீர்கள். முன்முனையிலோ பின்முனையிலோ கட்டினால்தான் கயாக் காற்றுக்கு முகமோ முதுகோ கொடுத்து நிற்கும், பக்கத்தில் கட்டினால் அலை அந்த ஓரத்தை அமுக்கிக் கவிழ்க்கும். இறக்குமுன் பின்முனை வடிகால் மூடியைக் கையால் திருகிப் பாருங்கள். கரையேறியதும் அதைத் திறந்து உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒரு செம்புக்கு மேல் வந்தால், அடுத்த முறை போவதற்குள் கசிவைக் கண்டுபிடித்தாக வேண்டும்.